செக் எஞ்சின் விளக்கு யாருக்காக எரிகிறது?

வாகனம் ஓட்டுகிறவர்களுக்கெல்லாம் தெரிந்த ஒரு சிறு விளக்கு உண்டு. வேகமானிக்குப் பக்கத்தில், எஞ்சின் வடிவில், மஞ்சள் நிறத்தில் எரியும். அது எரிந்ததும் மனம் முதலில் நினைப்பது பணப்பையைத்தான். பட்டறைக்குக் கொண்டுபோனால் ஒரு கருவியைச் செருகிப் பார்த்துச் சில எண்களைச் சொல்வார்கள். ஓர் எண் வந்தால் பரவாயில்லை. சில வேளைகளில் மூன்று, நான்கு, ஐந்து என்று வரிசையாக வரும். எஞ்சினோ ஐட்லிங்கில், காய்ச்சல் கண்டவனைப் போல நடுங்கிக்கொண்டிருக்கும். ஓர் எண்ணுக்கு ஓர் உதிரிப்பாகம் என்று மாற்றிக்கொண்டே போனால் ஒரு மாதச் சம்பளம் கரைந்துவிடும். அத்தனையும் மாற்றிய பிறகும் நடுக்கம் நிற்காத வண்டிகள் எத்தனையோ உண்டு.

இதற்கு மெக்கானிக்கை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அந்த எண்களின் பிறப்பிலேயே ஒரு செய்தி இருக்கிறது. பழுதுக் குறியீடு என்று நாம் சொல்லும் கோட், மெக்கானிக்கின் வசதிக்காகவோ வண்டிக்காரரின் நிம்மதிக்காகவோ உருவாக்கப்பட்டதல்ல. ஒரு நகரத்தின் மூச்சுத்திணறலுக்காக உருவாக்கப்பட்டது. அதனால்தான் சில செய்திகளை அது துல்லியமாகச் சொல்கிறது, சிலவற்றைச் சொல்வதே இல்லை. அதைப் புரிந்துகொள்ள 1943ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

புகை மூடிய நகரம்

அந்த ஆண்டு ஜூலை மாதத்தில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தைத் திடீரென்று ஒரு புகைமூட்டம் கவிந்தது. கண் எரிந்தது, தொண்டை கமறியது, சில கட்டடங்களுக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். ஜப்பானியர்கள் நச்சு வாயு வீசிவிட்டார்கள் என்றுகூடச் சிலர் பயந்தார்கள். பிறகு சந்தேகம் நகரத்திலிருந்த செயற்கை ரப்பர் மூலப்பொருள் தொழிற்சாலை ஒன்றின் மீது திரும்பியது. அதை மூடினார்கள். புகைமூட்டம் போகவில்லை.

காரணத்தைக் கண்டறிந்தவர் அரீ ஹாகன்-ஸ்மிட் என்ற டச்சு வேதியியலாளர். கலிஃபோர்னியாவின் கால்டெக் கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். அன்னாசிப்பழத்தின் மணம் எந்தெந்தப் பொருள்களால் ஆனது என்று ஆராய்ந்துகொண்டிருந்த மனிதர் அவர்! மணத்தைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்குப் புகையைப் பிரித்துப் பார்ப்பதும் கைவந்தது. வாகனங்களிலிருந்தும் எண்ணெய் ஆலைகளிலிருந்தும் வெளியேறும் எரியாத எரிபொருள் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடும் சூரிய ஒளியில் சேர்ந்து ஓசோன் ஆகின்றன என்று அவர் காட்டினார். அந்த நகரத்தில் கார் டயர்கள் மற்ற ஊர்களைவிடச் சீக்கிரமாக வெடித்துப் பிளந்தன. ரப்பரைப் பிளப்பது ஓசோன்தான். வளைத்து வைத்த ரப்பர்த் துண்டில் விரிசல் எவ்வளவு நேரத்தில் விழுகிறது என்று பார்த்தே காற்றிலுள்ள ஓசோனை அளந்தார்கள்.

1952இல் அவர் இதை விரிவாக வெளியிட்டபோது, எண்ணெய்த் தொழில்துறையின் பணத்தில் ஆராய்ந்தவர்கள் மறுத்துப் பேசினார்கள். நாளடைவில் மறுக்க முடியாமல் போயிற்று. 1967இல் கலிஃபோர்னியா மாநிலம் காற்று வள வாரியம் ஒன்றை அமைத்தது. அதன் முதல் தலைவராக அமர்த்தப்பட்டவர் அதே ஹாகன்-ஸ்மிட். இன்று உலகத்தில் எந்த ஊரில் செக் எஞ்சின் விளக்கு எரிந்தாலும், அதன் வேர் அந்த வாரியத்தின் மேசைக்குத்தான் போய்ச் சேரும்.

1970 டிசம்பர் 31ஆம் தேதி அதிபர் நிக்சன் தூய காற்றுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஐந்தாறு ஆண்டுகளுக்குள் வாகனப் புகையின் நச்சுகளை 90 விழுக்காடு குறைக்க வேண்டும் என்றது சட்டம். முடியவே முடியாது என்றார்கள் கார் தயாரிப்பாளர்கள். கெடு பலமுறை தள்ளிப்போடப்பட்டது உண்மை. ஆனாலும் 1975 மாடல் கார்களில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் என்னும் புகை சுத்திகரிப்பான் வந்துவிட்டது. ஈயம் கலந்த பெட்ரோல் அதைக் கெடுத்துவிடும் என்பதால் ஈயமில்லாத பெட்ரோலும் கூடவே வந்தது.

இங்கேதான் கதை திரும்புகிறது. மூன்று வகை நச்சுகளையும் ஒரே கன்வெர்ட்டர் அழிக்க வேண்டுமானால், எஞ்சினுக்குள் 1 பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற கணக்கு ஏறக்குறையப் பிசகாமல் இருக்க வேண்டும். அந்தக் காலத்துக் கார்புரேட்டரால் அது ஆகாது. யாரோ ஒருவர் நொடிக்கு நொடி புகையை முகர்ந்து பார்த்து, காற்று மிகுந்தால் பெட்ரோலைக் கூட்டி, குறைந்தால் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். முகரும் மூக்காக ஆக்சிஜன் சென்சார் வந்தது. ஜெர்மனியின் போஷ் நிறுவனம் செய்த சென்சாரை 1976இல் வால்வோ கார்கள் முதலில் பொருத்திக்கொண்டன. கூட்டிக் குறைக்கும் மூளையாகக் கணினி வந்தது. 1981இல் ஜெனரல் மோட்டார்ஸ் அமெரிக்காவில் விற்ற தன் பெட்ரோல் கார்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் கணினியைப் பொருத்தியது.

காதில் ஸ்க்ரூடிரைவர்

கணினி வருவதற்கு முன்பு எஞ்சினே தன் நோயைச் சொல்லிவிடும். நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சின் மீது வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார்கள் பழைய மெக்கானிக்குகள். ஒவ்வொரு பிளக் வயராகக் கழற்றிப் பார்ப்பார்கள். எந்த வயரைக் கழற்றும்போது எஞ்சினின் ஓட்டத்தில் மாற்றமே இல்லையோ, அந்தச் சிலிண்டர்தான் வேலை செய்யாமல் சும்மா இருந்தது என்று பொருள். இன்டேக் குழாயில் வேக்குவம் கேஜ் என்ற சிறிய அளவுமானியை மாட்டுவார்கள். நல்ல எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது முள் 17 முதல் 21 அங்குலம் வரையில் ஓரிடத்தில் அசையாமல் நிற்கும். வால்வு கருகியிருந்தால் முள் சீராகத் துடிக்கும். எங்காவது காற்று கசிந்தால் முள் தாழ்ந்து நிற்கும்.

இந்த வித்தைகள் எல்லாம் இன்றைக்கும் செல்லும் என்பதை மறந்துவிடக் கூடாது. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கார்புரேட்டர் எஞ்சினில் காற்று கசிந்தால் அன்றே நடுங்கும். கணினி எஞ்சின் அப்படியல்ல. காற்று மிகுந்திருக்கிறது என்று சென்சார் சொன்னதும், கணினி பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டிச் சமாளித்துவிடும். கசிவு பெரிதானால் இன்னும் கூட்டும். இதற்கு ஃபியூயல் டிரிம் என்று பெயர். பெரும்பாலான வண்டிகளில் 25 விழுக்காடு அளவுக்குக் கூட்டிய பிறகும் போதவில்லை என்றால்தான் விளக்கு எரியும். ஆக, விளக்கு எரிகிற நாளில் நோய் புதிதல்ல. வீட்டுக் கடனை மனைவி மக்களிடம் சொல்லாமல் சமாளித்துக்கொண்டே வந்த குடும்பத் தலைவர், வட்டி கட்ட முடியாத நாளில் வாய் திறப்பதைப் போன்றது அது.

கணினி தான் கண்டதை நினைவில் வைத்துக்கொள்ளும். ஆனால் அதை எப்படி வெளியே சொல்வது? 1980களில் ஸ்கேனர் எல்லாப் பட்டறைகளுக்கும் கட்டுபடியாகாது. ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் டேஷ்போர்டுக்குக் கீழே 12 துளை கொண்ட ஓர் இணைப்பு இருந்தது. அதில் குறிப்பிட்ட இரண்டு துளைகளைக் காகிதம் செருகும் கிளிப்பால் இணைத்தால், செக் எஞ்சின் விளக்கு கண் சிமிட்டத் தொடங்கும். ஒரு சிமிட்டல், ஓர் இடைவெளி, இரண்டு சிமிட்டல் என்றால் 12. நான்கும் நான்கும் சிமிட்டினால் 44. கிரைஸ்லர் கார்களில் சாவியை ஐந்து நொடிக்குள் மூன்று முறை போட வேண்டும். ஹோண்டாவில் கம்பளத்தைத் தூக்கிக் கணினிப் பெட்டியின் மீதிருந்த சிறு விளக்கைப் பார்க்க வேண்டும். ஃபோர்டில் முள் வைத்த வோல்ட் மீட்டரை மாட்டி, முள் எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணலாம்.

வீட்டுக்கு வீடு வாசற்படி என்பார்களே, அது இதுதான். ஒரு நிறுவனத்தின் 12 இன்னொரு நிறுவனத்தின் 12 அல்ல. மெக்கானிக்கின் மேசையில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு தடித்த புத்தகம் இருக்க வேண்டியிருந்தது.

அந்தக் காலத்திலேயே இன்றைய தவறு தொடங்கிவிட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் வண்டியில் 44 என்று சிமிட்டினால், புகையில் ஆக்சிஜன் மிகுதி என்று பொருள். ஆக்சிஜன் சென்சார் தெரிவிக்கிற செய்தி என்பதால் பலர் சென்சாரையே கழற்றிப் புதிதாக மாட்டினார்கள். செய்தி கொண்டுவந்த தபால்காரரை மாற்றினால் கடிதத்தில் உள்ள செய்தி மாறுமா? புதிய சென்சாரும் அதே 44ஐத்தான் சொன்னது.

ஒரே துளை, ஒரே மொழி

கலிஃபோர்னியா வாரியம் 1985இல் ஒரு விதியை வகுத்தது. 1988 மாடல் முதல் கார்களும் இலகு டிரக்குகளும் தம் புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்களைத் தாமே கண்காணித்து, பழுது கண்டால் விளக்கு எரித்துச் சொல்ல வேண்டும். பின்னாளில் இதை ஓ.பி.டி. ஒன்று என்று அழைத்தார்கள். அதில் குறைகள் நிறைய இருந்தன. கன்வெர்ட்டர் செத்துப்போனாலும் விளக்கு எரியாது. சிலிண்டரில் நெருப்பு பற்றாமல் மிஸ்ஸிங் அடித்தாலும் எரியாது. எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய்க் கன்வெர்ட்டரைச் சுட்டுத் தீய்த்துவிடும். புகைக்கு அதைவிடப் பெரிய கேடு இல்லை. அதைக் காணாத காவலாளியால் என்ன பயன்?

எனவே 1989இல் இரண்டாவது விதி. 1990இல் அதிபர் ஜார்ஜ் புஷ், மூத்தவர், கையெழுத்திட்ட தூய காற்றுச் சட்டத் திருத்தம் இதை நாடு முழுவதற்கும் கொண்டுபோனது. 1994இல் தொடங்கி, 1996 மாடல் முதல் அமெரிக்காவில் விற்கப்பட்ட எல்லாக் கார்களிலும் இலகு டிரக்குகளிலும் ஓ.பி.டி. இரண்டு கட்டாயமாயிற்று. ஐரோப்பா 2001இல் பெட்ரோல் கார்களுக்கும் பின்னர் டீசல் கார்களுக்கும் இதே போன்ற முறையைக் கொண்டுவந்தது.

16 துளை கொண்ட ஒரே வகை இணைப்பு, ஓட்டுநரின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். எல்லாக் கம்பெனிக்கும் ஒரே குறியீடு. இந்தத் தரங்களை வகுத்தது எஸ்.ஏ.இ. என்னும் வாகனப் பொறியாளர் சங்கம். ஆனால் ஒற்றுமை முழுமையாக வந்துவிடவில்லை. துளை ஒன்றாக இருந்தாலும், அதற்குள் ஓடிய மின்சமிக்ஞைகள் ஃபோர்டுக்கு ஒரு விதம், ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒரு விதம், ஐரோப்பிய, ஆசிய வண்டிகளுக்கு வேறு விதம். 2008 மாடலில்தான் கேன் என்ற ஒரே முறை அமெரிக்காவில் கட்டாயமாயிற்று. மலைபோன்ற நெடுஞ்சாலை லாரிகளின் கதை தனி. அவற்றுக்கு வேறு இணைப்பு, வேறு எண்முறை. அவற்றின் எஞ்சின்களுக்கு இத்தகைய கட்டாயக் கண்காணிப்பு 2010இல் தொடங்கி 2013இல்தான் முழுமையாக வந்தது.

குறியீட்டைப் படிப்பது எளிது. எஞ்சினையும் கியரையும் பற்றியது என்றால் 'பி' என்ற எழுத்தில் தொடங்கும். அடுத்து சுழியம் வந்தால் எல்லாருக்கும் பொதுவான கோட். 1 வந்தால் அந்தக் கம்பெனி தானே வகுத்தது. அதற்கடுத்த இலக்கம் 1 அல்லது 2 என்றால் காற்றும் எரிபொருளும், 3 என்றால் நெருப்பும் மிஸ்ஸிங்கும், 4 என்றால் புகைக் கட்டுப்பாட்டுத் துணைப் பாகங்கள், 5 என்றால் வேகமும் ஐட்லிங்கும்.

விளக்கு எப்போது எரிய வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. பொதுவாக, அனுமதிக்கப்பட்ட நச்சு அளவைப்போல ஒன்றரை மடங்கு வெளியேறக்கூடிய பழுது என்றால் எரிய வேண்டும். அதாவது, விளக்கின் அளவுகோல் புகைதான். வண்டி நடுங்குகிறதா, ஓட்டுநர் அவதிப்படுகிறாரா என்பது விதியின் நேரடிக் கவலை அல்ல. பெட்ரோல் மூடியைச் சரியாக இறுக்காவிட்டால்கூட விளக்கு எரிகிறதே என்று சலித்துக்கொள்கிறவர்கள் உண்டு. மூடியிலிருந்து ஆவி கசிவதும் ஹாகன்-ஸ்மிட் கண்ட அதே ஓசோனுக்குத் தீனிதான். எஞ்சின் மவுண்ட் உடைந்து வண்டி தடதடவென்று ஆடினாலோ, அதைச் சொல்வதற்கு ஒரு கோடும் கிடையாது.

நான்கு கோடும் ஒரு குழாயும்

இப்போது ஒரு வண்டியைப் பார்ப்போம். அமெரிக்காவின் பண்ணைகளிலும் கட்டுமான இடங்களிலும் சாதாரணமாகக் காணக்கூடிய, எட்டு சிலிண்டர் கொண்ட பிக்கப் டிரக். ஒரு பக்கம் நான்கு, மறுபக்கம் நான்கு என்று இரு வரிசைச் சிலிண்டர்கள். சாலை விளக்கில் நிற்கும்போது ஸ்டியரிங் நடுங்குகிறது, எஞ்சின் நின்றுவிடுவதுபோல் தடுமாறுகிறது. வேகமாகப் போகும்போது அவ்வளவு தெரியவில்லை. ஸ்கேனரில் நான்கு கோடு: பி0171, பி0174, பி0300, பி0420. முதலிரண்டும், இரு வரிசையிலும் காற்று மிகுதி என்கின்றன. மூன்றாவது, பல சிலிண்டர்களில் மாறி மாறி மிஸ்ஸிங் என்கிறது. நான்காவது, கன்வெர்ட்டரின் திறன் குறைந்துவிட்டது என்கிறது.

கோட் பார்த்துப் பாகம் மாற்றுகிறவர் என்ன செய்வார்? நான்கு ஆக்சிஜன் சென்சார், எட்டு பிளக், எட்டு காயில், இரண்டு கன்வெர்ட்டர். பில்லைக் கண்டால் டிரக்கையே விற்றுவிடத் தோன்றும்.

வரலாறு தெரிந்தவர் வேறு கேள்வி கேட்பார். இந்த நான்கில் எது முதலில் வந்தது? எது எதைப் பெற்றெடுத்தது? கணினியிடமே அதற்குக் கொஞ்சம் குறிப்பு இருக்கிறது. பழுதைக் கண்ட கணத்தில் எஞ்சினின் சூடு, வேகம், சுமை, ஃபியூயல் டிரிம் எல்லாவற்றையும் அது ஒரு புகைப்படம்போலப் பதித்து வைத்திருக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பார்கள். கோடை அழிப்பதற்கு முன்பு இதைக் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அழித்தால் இதுவும் சேர்ந்தே போய்விடும். அவசரப்பட்டு முதல் வேலையாகக் கோடை அழிக்கிறவர், திருட்டு நடந்த வீட்டைப் போலீஸ் வருமுன் கூட்டிப் பெருக்கி வைக்கிறவர்.

அடுத்து, இரு வரிசையும் ஒன்றாகக் குறை சொல்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு காயில் கெட்டிருந்தால் ஒரு சிலிண்டர்தான் மிஸ்ஸிங் அடிக்கும், அந்தச் சிலிண்டரின் எண்ணோடு கோட் வரும், அந்த வரிசையின் கணக்குத்தான் பிசகும். எரியாத சிலிண்டரிலிருந்து ஆக்சிஜன் அப்படியே வெளியேறுவதால், பெட்ரோல் சரியாக இருந்தாலும் சென்சார் காற்று மிகுதி என்றே சொல்லும். அது பெட்ரோலைப் பார்ப்பதில்லை, ஆக்சிஜனை மட்டுமே பார்க்கிறது. இங்கே அப்படி இல்லை. இரண்டு வரிசைக்கும் பொதுவான ஏதோ ஒன்றில்தான் கோளாறு. அது காற்றுக் கசிவாக இருக்கலாம், உள்ளே போகும் காற்றை அளக்கும் சென்சாரில் அழுக்காக இருக்கலாம், பெட்ரோல் பம்ப் தளர்ந்திருக்கலாம்.

மூன்றையும் பிரித்துச் சொல்வது ஃபியூயல் டிரிம். டிரக் ஐட்லிங்கில் ஓடும்போது, கணினி 25 விழுக்காடு பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கிறது என்று ஸ்கேனர் காட்டுகிறது. எஞ்சினை 2,500 சுற்றுக்கு உயர்த்திப் பிடித்தால் அதே எண் 4, 5 விழுக்காட்டுக்கு இறங்கிவிடுகிறது. இந்த இறக்கத்தில்தான் விடை இருக்கிறது. ஐட்லிங்கில் எஞ்சின் உள்ளிழுக்கும் காற்று மிகக் குறைவு. அளக்கப்படாமல் ஒரு விரிசல் வழியாக நுழையும் சிறிது காற்றும் அங்கே பெரிய பங்கு. எஞ்சின் வேகமெடுத்து ஏராளமான காற்றை இழுக்கும்போது அதே விரிசல் ஒரு பொருட்டே அல்ல. பம்ப் தளர்ந்திருந்தால் நேர்மாறாக நடக்கும்: சுமை ஏற ஏறத்தான் எண் ஏறும். காற்றளவு சென்சாரில் அழுக்குப் படிந்திருந்தாலும் பெரும்பாலும் வேகத்தில்தான் குறை கூடும்.

ஆக, காற்றுக் கசிவு. எங்கே? மெல்லிய அழுத்தத்தில் புகையைச் செலுத்தும் ஒரு பெட்டி இப்போது பல பட்டறைகளில் உண்டு. எஞ்சினை நிறுத்தி, இன்டேக் குழாய்க்குள் புகையைச் செலுத்தினால், விரிசல் உள்ள இடத்தில் வெள்ளைப் புகை எழும். பெட்டி இல்லாதவர்கள் ஒரு ரப்பர்க் குழாயைக் காதில் வைத்து, மறுமுனையை எஞ்சினைச் சுற்றி நகர்த்தி, காற்று சீறும் ஓசையைத் தேடுவார்கள். சூடான எஞ்சின் மீது ஸ்ப்ரே அடித்துத் தேடுகிறவர்களும் உண்டு, தீப்பற்றும் அபாயம் இருப்பதால் அது விரும்பத்தக்கதல்ல. இந்த வகை டிரக்குகளில் எஞ்சினின் பின்புறம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், எஞ்சின் ஆவியை இன்டேக்கிற்குத் திருப்பி அனுப்பும் ரப்பர் முழங்கைக் குழாய் ஒன்று இருக்கும். சூட்டிலும் எண்ணெயிலும் ஊறிக் களியாகிப் பிளந்துபோவது அதற்கு வழக்கம். இங்கும் அதுதான்.

காற்று மிகுந்ததால் பி0171, பி0174. அந்த மெல்லிய கலவை ஐட்லிங்கில் சரியாகப் பற்றாததால் பி0300. பற்றாத பெட்ரோலும் மீந்த ஆக்சிஜனும் கன்வெர்ட்டரின் கணக்கைக் குலைத்ததால் பி0420. நான்கு சாட்சிகளும் பொய் சொல்லவில்லை. நால்வரும் ஒரே சம்பவத்தை நான்கு இடங்களில் நின்று பார்த்தவர்கள். குழாயை மாற்றி, சில நாள் ஓட்டிவிட்டு, ஃபியூயல் டிரிம் சுழியத்துக்கு அருகில் வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். கன்வெர்ட்டர் உண்மையிலேயே தீய்ந்துபோயிருந்தால் பி0420 மட்டும் திரும்பி வரும். அதற்கு அப்போது செலவு செய்தால் போதும்.

மிஸ்ஸிங்கைக் கணினி எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதும் சுவையானது. சிலிண்டரில் நெருப்பு பற்றாவிட்டால் கிராங்க் தண்டின் சுழற்சி ஒரு கணம் மந்தமாகும். அந்த நுட்பமான தயக்கத்தை ஒரு சென்சார் அளக்கிறது. ஆனால் குண்டும் குழியுமான சாலையில் சக்கரம் துள்ளினாலும் கிராங்க் தண்டு தயங்கும். டிரக்குகளுக்கு இது பெரிய தலைவலி. அதனால் சில நிறுவனங்கள் பிரேக் அமைப்பின் சக்கர சென்சார்களைக் கேட்டு, சாலை மோசமாக இருந்தால் மிஸ்ஸிங் கணக்கை நிறுத்தி வைக்கச் செய்தன.

கோட் வரவில்லை என்பதால் எல்லாம் நலம் என்றும் ஆகாது. கணினி எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தது மனிதன்தான். 1998இல் ஏழு கனரக டீசல் எஞ்சின் நிறுவனங்கள் மீது அமெரிக்க அரசு எடுத்த நடவடிக்கை நினைவுகூரத்தக்கது. சோதனையில் சுத்தமாகவும், நெடுஞ்சாலையில் ஓடும்போது அளவுக்கு மேல் நைட்ரஜன் ஆக்சைடு கக்கவும் அந்த எஞ்சின்களின் மென்பொருள் அமைக்கப்பட்டிருந்தது என்பது குற்றச்சாட்டு. 8.34 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. 2015இல் ஃபோக்ஸ்வேகன் டீசல் கார்களில் அதே கதை, உலகெங்கும் சுமார் 1.1 கோடி வண்டிகளில். அந்த வண்டிகள் சாலையில் புகை கக்கியபோது செக் எஞ்சின் விளக்கு அமைதியாக இருந்தது. மேற்கு வெர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கருவிகளைக் காரிலேயே ஏற்றிச் சாலையில் ஓட்டி அளந்த பிறகே உண்மை வெளிப்பட்டது.

கோடைப் படிக்கும் உரிமை

மெக்கானிக்குக்காகப் பிறக்காவிட்டாலும், 16 துளை இணைப்பு சிறிய பட்டறைகளுக்கு ஒரு பெரிய வாசலைத் திறந்தது. கம்பெனிப் பட்டறைக்குப் போகாமலே, மூலைக்கடை மெக்கானிக்கும் கணினியுடன் பேச முடிந்தது. 1990ஆம் ஆண்டுச் சட்டமே, புகை தொடர்பான பழுதுபார்ப்புத் தகவல்களை வெளிப் பட்டறைகளுக்கும் தர வேண்டும் என்று தயாரிப்பாளர்களுக்கு ஆணையிட்டது. ஆனால் புகைக்கு அப்பாற்பட்ட தகவல்கள் பூட்டிய அறையிலேயே இருந்தன. கம்பெனி தானே வகுத்த கோடுகளின் பொருளும், புதிய பாகத்தைக் கணினிக்கு அறிமுகப்படுத்தும் முறையும் எல்லாருக்கும் கிடைக்கவில்லை. குழாய் ஒன்றைக் கண்டுபிடிக்கத் தெரிந்த மெக்கானிக்கும், கதவைத் திறக்கச் சாவி இல்லாமல் வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது.

2012 நவம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இது பொதுவாக்கெடுப்புக்கு வந்தது. கம்பெனிப் பட்டறைக்குக் கிடைக்கும் தகவலும் கருவியும் நியாயமான விலையில் எல்லாருக்கும் கிடைக்க வேண்டும் என்பதற்கு, வாக்களித்தவர்களில் சுமார் 86 விழுக்காட்டினர் ஆதரவு தந்தார்கள். 2014 தொடக்கத்தில் தயாரிப்பாளர்கள் இதை நாடு முழுவதற்கும் ஏற்றுக்கொள்வதாக உடன்பாடு செய்துகொண்டார்கள்.

அதற்குள் காலம் மாறிவிட்டது. வண்டிகள் தம் பழுதுச் செய்திகளைக் கம்பி இல்லாமலே நேராகக் கம்பெனிக்கு அனுப்பத் தொடங்கிவிட்டன. துளையில் கருவியைச் செருகி நிற்கும் மெக்கானிக்கைத் தாண்டிச் செய்தி போய்விடுகிறது. 2020 நவம்பரில் மாசசூசெட்ஸ் மக்கள் மீண்டும் வாக்களித்தார்கள். இம்முறை ஆதரவு சுமார் 75 விழுக்காடு. கம்பியில்லாமல் போகும் தகவலும் வண்டிக்காரருக்கும் அவர் தேர்ந்தெடுக்கும் பட்டறைக்கும் கிடைக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். அதே மாதத்தில் கார் தயாரிப்பாளர்களின் சங்கம் நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. தீர்ப்புக்குக் காத்திராமல், 2023 ஜூன் மாதத்திலிருந்து சட்டத்தை நடைமுறைப்படுத்தத் தொடங்கினார் மாநில அரசின் தலைமை வழக்கறிஞர்.